திருட்டைத் திருட்டு என்று எழுதுங்கள்

மும்பையில் பொருளைப் பறிகொடுத்துவிட்டுப் போலீஸ் நிலையத்திற்குப் போகிறவர்களுக்கு அங்கே முதலில் கிடைப்பது ஒரு மொழிப் பாடம். "சோரி" என்று அவர்கள் சொல்வார்கள். "கோ கயா" என்று எழுதிக்கொள்ளப்படும். திருடு போய்விட்டது என்று வாயால் சொன்னது, தொலைந்து போய்விட்டது என்று காகிதத்தில் இறங்கும். அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திய தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எல்லா நிலையங்களிலும் எல்லா நாளும் இப்படித்தான் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் இந்நகரில் நாலைந்து ஆண்டுகள் பிழைத்த தமிழர் எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

ஒரு சொல்தானே, எப்படி எழுதினால் என்ன என்று கேட்கலாம். திருட்டு என்று எழுதினால் முதல் தகவல் அறிக்கை உண்டு. அதற்கு ஓர் எண் உண்டு. விசாரிக்க ஓர் அதிகாரி உண்டு. விவரம் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். திருடன் அகப்பட்டால் இன்ன வழக்கில் அகப்பட்டான் என்று காட்ட இடம் உண்டு. தொலைந்தது என்று எழுதினால் இதில் ஒன்றும் கிடையாது. அந்தத் தாளைக் கொண்டு புதிய சிம் கார்டு வாங்கலாம். ஆதார் அட்டைக்கும் பான் அட்டைக்கும் மாற்று கேட்கலாம். திருடனைத் தேடும் கடமை மட்டும் எவர் தலையிலும் விழாது.

ரயில்வேயில் 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட்டுக்கும் எண் உண்டு. பார்சல் ஆபீசில் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தாலும் ரசீது உண்டு. காணாமற்போனால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை ஒருவன் உருவிக்கொண்டு போனால் அதற்கு எண் கிடையாது.

இதில் அடிபடுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். லட்ச ரூபாய் போனைப் பறிகொடுத்தவர் வக்கீலையோ, தெரிந்த அதிகாரியையோ கூப்பிட்டுப் பேசுவார், எப்.ஐ.ஆர். வந்துவிடும். தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்கிறவரும், கல்யாணிலிருந்து தினம் வி.டி.க்கு வந்து கணக்கு எழுதுகிறவரும் அப்படிப் பேச முடியாது. அவர்களுக்கு இன்று போன் என்பது வெறும் போன் அல்ல. அதுதான் பாங்கி பாஸ் புத்தகம். ஊருக்குப் பணம் அனுப்பும் மணியார்டர் பாரமும் அதுவே. நாளைக்கு எந்த இடத்தில் வேலை என்று மேஸ்திரி சொல்வதும் அதில்தான். தவணையில் வாங்கிய அந்தப் போன் போனபிறகும் தவணை நிற்பதில்லை. போனைத் திறந்து பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த மாதம் கோலி வாடகைக்குக் கடன்தான். இத்தனையும் "கோ கயா" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

சட்டம் இவர் பக்கம்தான் நிற்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2008ஆம் ஆண்டு காணாமற்போன ஒரு சிறுமியின் தந்தை கொடுத்த புகாரைப் போலீசார் காலத்தில் பதிவு செய்யாததால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கு லலிதா குமாரி வழக்கு. 2013 நவம்பர் 12ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பளித்தது. பிடிக்கத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும், பதிவு செய்ய மறுக்கும் அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 173ஆவது பிரிவு இன்னும் தெளிவாகவே சொல்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாயால் சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதைப் புகார் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர், போன் வழியாக அனுப்பினாலும் ஏற்க வேண்டும். மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட்டால் போதும்.

ஆனால் அதே புதிய சட்டத்தில் ஏழைகளின் தலையில் விழும் ஒரு விதியும் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு இப்போது போலீசார் தாமாக வழக்குப் போட்டு விசாரிக்கத்தக்க குற்றம் அல்ல. மும்பை மக்களுக்கு நன்றாகத் தெரிந்த "என்.சி." என்ற பதிவேட்டில் அது எழுதப்படும். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீசார் அதை விசாரிக்க முடியாது. கோர்ட்டுகளின் பாரம் குறைய வேண்டும், சின்னக் குற்றத்துக்காக முதன்முறை அகப்பட்ட சிறுவனைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று இதற்கு ஆதரவாக வாதம் சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் 4,800 ரூபாய் என்பது டில்லியில் சட்டம் எழுதியவர்களுக்குச் சிறு தொகையாக இருக்கலாம். இட்லிக் கூடை சுமந்து தெருத்தெருவாய்ப் போகிறவருக்கு அது எத்தனை நாள் வருமானம் என்று எண்ணிப் பார்த்தார்களா? பாதிக்கப்பட்டவரின் நிலைமையைப் பார்க்காமல் ரூபாயை மட்டும் பார்க்கும் இந்த வரம்பை நாடாளுமன்றம் திருத்தத்தான் வேண்டும்.

அதுவரையில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த 5,000 ரூபாய் வரம்பு 303ஆவது பிரிவின் சாதாரணத் திருட்டுக்குத்தான். கையிலிருந்தோ கழுத்திலிருந்தோ வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓடினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆவது பிரிவு. பொருளின் விலை அங்கே கேள்வியில்லை. குடியிருக்கும் வீட்டிற்குள் திருடினாலும், ரயில், பஸ் போன்ற வாகனத்திலிருந்து பொருளைத் திருடினாலும் 305ஆவது பிரிவு. ஏழு ஆண்டு வரை தண்டனை. ஆகவே லோக்கல் வண்டியில் பையை அறுத்து எடுத்தவன் மீது, அதில் இருந்தது 500 ரூபாயே ஆனாலும், வழக்குப் போட வழியுண்டு. "எங்கே, எப்படி எடுத்தான்" என்பதைப் புகாரில் விவரமாகச் சொல்ல வேண்டும். "பொருள் போய்விட்டது" என்று மொட்டையாகச் சொன்னால் எழுதுகிறவர் கை என்.சி. புத்தகத்துக்கே போகும்.

புகாரை ஏற்காமல் இருக்கச் சொல்லப்படும் இன்னொரு காரணம் "ஹத்". அதாவது எல்லை. ரயில் பெட்டியும் பிளாட்பாரமும் தண்டவாளமும் ரயில்வே போலீசின் பொறுப்பு. அது மாநில அரசின் படை. ரயில்வே பாதுகாப்புப் படை என்பது வேறு. அது மத்திய அரசினுடையது. பயணியின் பை திருடு போனால் வழக்குப் பதிய அதற்கு அதிகாரம் இல்லை. இரண்டு படையும் அணிவது காக்கிதான். பயணி எந்தக் காக்கியிடம் போவார்? ஸ்டேஷன் படியை விட்டு ஒரு கஜம் வெளியே இறங்கிவிட்டால் நகரப் போலீஸ். தாணாவுக்குப் போனால் வேறு கமிஷனர், வாஷிக்குப் போனால் இன்னொரு கமிஷனர். நடைபாலத்தின் நடுப்படியில் பறிகொடுத்தவர் மேலே போவதா கீழே போவதா என்று அலைகிறார். எந்த நிலையமும் முதலில் பதிந்துகொண்டு உரிய நிலையத்திற்கு அனுப்ப வேண்டும் என்பது "ஜீரோ எப்.ஐ.ஆர்." முறை. இப்போது அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. இருந்தும், "இது எங்கள் ஹத் அல்ல" என்று திருப்பி அனுப்பும் பழக்கம் ஒழிந்தபாடில்லை.

ரயில்வேக்கு இது புதிய முறையும் அல்ல. தாதர் – திருநெல்வேலி வண்டி போன்ற தொலைதூர ரயில்களில் திருடு போனால் வழியில் இறங்கிப் பயணத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. டிக்கெட் பரிசோதகரிடமும், கார்டிடமும் (இப்போது அவருக்கு ரயில் மேலாளர் என்று பெயர்), வண்டியில் வரும் காவலரிடமும் எப்.ஐ.ஆர். பாரம் இருக்கும். நிரப்பிக் கொடுத்தால் அவர்கள் அதை அடுத்த ரயில்வே போலீஸ் நிலையத்தில் சேர்ப்பிப்பார்கள். ஊருக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லோக்கல் வண்டிகளில் "பட்கா" என்று ஒரு கொடுமை இருக்கிறது. வண்டி வேகம் குறையும் இடத்தில் தண்டவாளத்தின் ஓரம் கம்போடு நிற்பான். வாசற்படியில் நிற்பவரின் கையில் அடிப்பான். போன் கீழே விழும். சில வேளை போனோடு ஆளும் விழுவார். இப்படிக் கை போனவர்களும் கால் போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. விழுந்தவர் பேச முடியாத நிலையில் இருந்தால் அது விபத்தா, கொள்ளையா என்பதை யார் கேட்டு யார் எழுதுவது? அடி விழும் இடங்கள் தினம் போகிறவர்களுக்குத் தெரியும். அந்த இடங்களில் மாலை நேரம் இரண்டு காவலர் நின்றால் போதும். எந்த இடம், எந்த நேரம் என்று போலீஸ் அதிகாரிக்குத் தெரிய வேண்டுமானால் நடந்ததெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். "தொலைந்தது" என்ற கணக்கில் போன சம்பவத்தை வைத்து எங்கே ஆள் போடுவது?

பிறகு ஏன் எழுத மறுக்கிறார்கள்? சோம்பல் ஒரு காரணம். மாமூல் சில இடங்களில் காரணம். பெரிய காரணம் வேறு. மாதாமாதம் நிலையத்தின் குற்றக் கணக்கு மேலே போகிறது. எண்ணிக்கை கூடினால் இன்ஸ்பெக்டருக்குக் கேள்வி வரும். குறைந்தால் நல்ல பெயர். குற்றத்தைக் குறைப்பது கடினம். எழுதாமல் விடுவது சுலபம். இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. "நகரில் திருட்டு பெருகியது" என்று கொட்டை எழுத்தில் போடும்போது, திருட்டு பெருகியதா அல்லது பதிவு பெருகியதா என்று பார்ப்பதில்லை. டில்லியில் 2015இல் வாகனத் திருட்டுக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே எப்.ஐ.ஆர். பதிய வகை செய்தார்கள். பதிவை எளிதாக்கும் எந்த ஊரிலும் முதலில் கணக்கு ஏறத்தான் செய்யும். அதற்காகத் திட்டு வாங்குவோம் என்று தெரிந்தால் எந்த அதிகாரி துணிவார்? எழுதிய புகார் எத்தனை என்பதை விட்டுவிட்டு, எழுதியதில் எத்தனை துலங்கின, எழுதாமல் திருப்பி அனுப்பியதாக எத்தனை முறையீடு வந்தது என்பதைக் கொண்டு நிலையத்தை அளக்க மாநில உள்துறை முன்வர வேண்டும்.

இங்கே கான்ஸ்டபிளின் பக்கத்தையும் பேசாவிட்டால் தகாது. 2008 நவம்பர் 26 இரவு சௌபாத்தி அருகே வெறும் லத்தியோடு நின்று, துப்பாக்கி வைத்திருந்த கசாபைக் கட்டிப்பிடித்து, குண்டுகளைத் தன் உடலில் வாங்கிக்கொண்ட துக்காராம் ஓம்ப்ளே இதே படையின் அசிஸ்டென்ட் சப்-இன்ஸ்பெக்டர்தான். கணபதி விழா, மந்திரிகள் வருகை, கிரிக்கெட் ஆட்டம், தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள். 1982 ஆகஸ்டில் பம்பாய்ப் போலீசார் கலகத்தில் இறங்கி, ராணுவத்தை அழைக்கும் நிலை வந்ததே, அதற்குப் பின்னால் வேலை நேரமும் வீட்டு வசதியும் அதிகாரி வீட்டு ஊழியமும் பற்றிய மனக்குறைகள் இருந்தன. எட்டு மணி நேர வேலை என்பது 2016இல்தான் தேவ்னார் நிலையத்தில் சோதனையாகத் தொடங்கிற்று. அதற்கு யோசனை எழுதிக் கொடுத்தவர் ஒரு சாதாரண கான்ஸ்டபிள் என்பது குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு மேஜைக்கு வந்து உட்காருகிறவரிடம், அரைகுறை இந்தியில் ஒருவர் பேசும் புகாரைப் பொறுமையாகக் கேள் என்றால் எப்படிக் கேட்பார்? எட்டு மணி நேர முறையை எல்லா நிலையங்களிலும் நிரந்தரமாக்குவது போலீசாருக்குச் செய்யும் சலுகை என்று எண்ண வேண்டாம். புகார் கொண்டுவருகிறவருக்கும் அதில் நன்மை உண்டு.

போலீஸ் நிலையம் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்நகரில் குறைவு. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் மாதுங்கா, சயான், தாராவி வட்டாரங்களில் வரதராஜ முதலியார் என்ற பெயர் எப்படி அவ்வளவு பெரிதாயிற்று? கள்ளச் சாராயத்தால் பணம் வந்தது உண்மை. மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் வைத்த கணபதிப் பந்தலை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டதும் உண்மை. ஆனால் ஏழை எளியவர்கள் அவர் வாசலுக்குப் போனது பந்தலைப் பார்க்க மட்டும் அல்ல. வாடகைத் தகராறு, கொடுக்கல் வாங்கல், பெண்ணைக் கேலி செய்தவன் என்று, நிலையத்தில் எழுத மறுத்த வழக்கெல்லாம் அங்கே போயிற்று. தமிழில் சொன்னால் தமிழில் கேட்டார்கள். அன்றே முடிவும் கிடைத்தது. 80களின் நடுவில் போலீஸ் நெருக்கடி முற்றியபின் அவர் சென்னைக்குப் போய் 1988இல் இறந்தார். அவர் கதையின் சாயலில் 1987இல் வந்த "நாயகன்" படத்தை இன்றும் கைதட்டிப் பார்க்கிறார்கள். கைதட்டுகிறவர்கள், அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்த அடியாட்களை மறந்துவிடுகிறார்கள். தாதாவின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. எதிராளி அதிகப் பணம் கொடுத்தால் தீர்ப்பும் மாறும். அந்த வாசலில் போய் நின்ற குற்றத்துக்காகத் தமிழன் என்றாலே சந்தேகமாய்ப் பார்க்கும் பார்வையையும் ஒழுங்காய் உழைத்துப் பிழைத்தவர்கள் பல ஆண்டுகள் சுமந்தார்கள்.

வேறு வழியும் இந்நகரமே காட்டியிருக்கிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கிட்டது. தாராவியும் அந்தத் தீயில் வெந்தது. போலீசின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை அடியோடு போன நேரம் அது. அப்போது கமிஷனராக இருந்த சதீஷ் சஹானியும், முன்னாள் கமிஷனர் ஜூலியோ ரிபெய்ரோவும், சமூக ஊழியர் சிலரும் சேர்ந்து மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார்கள். தெருவில் இருப்பவர்களும் நிலையத்தில் இருப்பவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். பேசியது பெரிய தத்துவம் அல்ல. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, எரியாத விளக்கு, ஊர்வலம் போகும் பாதை. பெயர் தெரிந்த ஹவில்தாரிடம் பேச ஜனங்களுக்கு அச்சம் குறைந்தது. வதந்தி கிளம்பினால் அடக்க ஆள் இருந்தது. இன்று அந்தக் கமிட்டிகள் சில இடங்களில் உயிரோடும், பல இடங்களில் பேருக்கும் இருக்கின்றன. கட்சிக்காரர்களையும் காண்டிராக்டர்களையும் மட்டும் உட்கார வைக்கும் கூட்டமாக ஆக்காமல், சாலில் குடியிருக்கும் பெண்களையும் தினக்கூலிகளையும் அழைத்து மாதம் ஒருமுறை நடத்தினால் அதற்கு மீண்டும் உயிர் வரும்.

கேமராவை நம்பி இருக்கலாமே என்பார்கள். நகரம் முழுவதற்குமான கேமரா வலை 2016இல் முடிக்கப்பட்டது. பிறகும் கூட்டப்பட்டு வருகிறது. நல்லதே. திருடு போன போனை எங்கிருந்தாலும் முடக்கும் மத்திய அரசின் ஏற்பாடும் 2023 மே முதல் நாடு முழுவதும் இருக்கிறது. அதன் உதவியால் மீட்ட போன்களை விழா எடுத்து உரியவரிடம் கொடுக்கிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் குர்லாவில் "தொலைந்த" போன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொரு மாநிலத்தில் ஒலிக்கிறதே, அது நடந்தா போயிற்று? போனை மீட்டதோடு கணக்கை மூடிவிட்டால், எடுத்தவனும் வாங்கி விற்றவனும் மறுநாள் அதே பிளாட்பாரத்தில் நிற்பார்கள். கேமரா தெருவில் இருந்தால் மட்டும் போதாது. எல்லாப் போலீஸ் நிலையங்களுக்குள்ளும் கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அது லாக்கப்பில் அடி விழுவதைத் தடுக்க வந்த உத்தரவு. வாசலில் வந்து நின்றவர் எத்தனை பேர், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதற்கும் அது சாட்சி சொல்லும். அது ஓடுகிறதா என்று பார்க்க ஆள் இருந்தால்.

மொழி பற்றி ஒன்று. மராட்டியத்தில் போலீஸ் எழுத்து மராத்தியில் நடப்பது முறைதான். அதை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது, கேட்பவருக்குப் புரியும்படி படித்துக் காட்டத்தான். தமிழர் நிறைந்த தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப் ஹில், செம்பூர், மான்கூர்ட் வட்டாரங்களில் மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ் இளைஞர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மேடை போடும் தமிழ் அமைப்புகள், வாரத்துக்கு இரண்டு மாலை இரண்டு பேரை உட்கார வைத்துப் புகார் எழுதிக் கொடுக்கவும் கூடப் போய் நிற்கவும் ஏற்பாடு செய்யக் கூடாதா? நிலையத்தில் எழுத மறுத்தால் அதே புகாரைத் தபாலில் துணைக் கமிஷனருக்கு அனுப்பலாம்; அவரும் கேட்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். இதுவும் அந்த 173ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அத்துமீறும் போலீஸ் அதிகாரிகள் மீது முறையிட மாநிலத்தில் தனி ஆணையம் அமைக்க 2014ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டதன் பலன் அது. அதன் விலாசத்தை எந்த நிலையத்தின் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கமிஷனர் அலுவலகம் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும், ரயில்வே போலீஸ் அறைகளின் வாசலிலும் ஒரு பலகை. எந்த எல்லையில் நடந்தாலும் புகார் இங்கே பதியப்படும், நகல் இலவசம், மறுத்தால் இன்ன அதிகாரிக்கு இன்ன எண்ணில் சொல்லலாம். மராத்தி, இந்தி, ஆங்கிலம், அதோடு அந்த வட்டாரத்தில் வழங்கும் இன்னொரு மொழி. தாராவியில் அது தமிழாக இருக்கும். வேறிடத்தில் உருதுவோ குஜராத்தியோ. பெயிண்டருக்கு ஒரு நாள் கூலியும் ஒரு டப்பா வர்ணமும் ஆகும்.